சென்ட்ரலில் இறங்கி அடுத்த வண்டியைப் பிடிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

கோயம்புத்தூரிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ டெல்லியிலிருந்தோ வந்து சென்னை சென்ட்ரலில் இறங்குகிறீர்கள். அங்கிருந்து மதுரை வண்டிக்கோ, விமான நிலையத்துக்கோ, கிளாம்பாக்கம் பேருந்துக்கோ போக வேண்டும். அந்த இடைப்பட்ட நேரத்துக்கு மட்டும்தான் இந்தக் குறிப்பு. சிவப்புக் கட்டடத்தைப் பற்றியும் மணிக்கூண்டைப் பற்றியும் எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

இங்கே தடுமாறுகிறவர்களைக் கவனித்தால் பெரும்பாலும் வரிசையில்தான் கோளாறு. முதலில் ஆட்டோ பேசி ஏறி உட்கார்ந்து விடுவார்கள், அப்புறம்தான் போனை எடுத்து எந்த ஸ்டேஷன் என்று பார்ப்பார்கள். அதனால் கீழே உள்ளதை எழுதியிருக்கும் வரிசையிலேயே செய்யுங்கள்.

1. அடுத்த வண்டி எந்த ஸ்டேஷனிலிருந்து என்று முதலில் பாருங்கள்

இதை வீட்டிலேயே, டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துவிட வேண்டும். சென்னை என்று போட்டுத் தேடினால் டிக்கெட் தளம் சென்ட்ரல், எழும்பூர், தாம்பரம், பெரம்பூர் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் கொட்டும். சென்ட்ரலின் குறியீடு எம்.ஏ.எஸ்., எழும்பூரின் குறியீடு எம்.எஸ்., நடுவில் ஒரு எழுத்துதான் வித்தியாசம். சின்னத் திரையில் அவசரமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். தாம்பரம் டி.பி.எம்.

சென்ட்ரலுக்கு 2019-இல் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. ராமச்சந்திரன் மத்திய ரயில் நிலையம் என்று பெயர் மாற்றினார்கள். செயலியில் நீளமாக எம்.ஜி.ஆர். பெயர் வந்தால் அது வேறு ஸ்டேஷன் என்று நினைத்துப் பதற வேண்டாம்.

பொதுவான கணக்கு இது: கோவை, ஈரோடு, பெங்களூரு, மும்பை, டெல்லி, ஹவுரா பக்கம் என்றால் சென்ட்ரல். திருச்சி, மதுரை, நெல்லை, தூத்துக்குடி, தஞ்சாவூர் பக்கம் என்றால் எழும்பூர். இந்தப் பிரிவினை பழைய கம்பெனிக் காலத்து மிச்சம். 1873-இல் வந்த சென்ட்ரல் மெட்ராஸ் ரயில்வேயின் அகலப்பாதை நிலையம், 1908-இல் வந்த எழும்பூர் தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர்கேஜ் நிலையம். மீட்டர்கேஜ் போய்விட்டது, பிரிவு போகவில்லை. சென்ட்ரல் ஒரு முட்டுச்சந்து, தண்டவாளம் அங்கேயே முடிகிறது. ஆகவே உங்கள் வண்டி சென்ட்ரலுக்கு வந்து அப்படியே எழும்பூருக்கும் போகும் என்று எதிர்பார்க்க முடியாது.

விதிவிலக்குகளில்தான் நிறைய பேர் மாட்டுகிறார்கள். மங்களூர் மெயிலும் வெஸ்ட் கோஸ்ட்டும் சென்ட்ரலிலிருந்து போகும், திருச்சி வழியாகச் சுற்றிப் போகும் மங்களூர் எக்ஸ்பிரஸ் எழும்பூர் வண்டி. சேலத்துக்கு சென்ட்ரலிலிருந்து வண்டி வரிசையாக இருக்கும், ஆனால் விருத்தாசலம் வழியாகப் போகும் சேலம் எக்ஸ்பிரஸ் எழும்பூரிலிருந்து. ஹைதராபாத் சார்மினார் இப்போது தாம்பரத்து வண்டி. போதாக்குறைக்கு எழும்பூரில் மறுசீரமைப்பு வேலை நடப்பதால், சில வண்டிகளைக் கொஞ்ச காலத்துக்குத் தாம்பரத்துக்கோ கடற்கரைக்கோ மாற்றி விடுகிறார்கள். பயணத்துக்கு முந்தைய நாள் வண்டி எண்ணைப் போட்டு இன்னொரு முறை பாருங்கள். ரயில்வேயிலிருந்து வரும் குறுஞ்செய்தியை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள், இடமாற்றம் அதில்தான் வரும்.

2. இடைவெளியைக் கணக்குப் போடுங்கள்

கால அட்டவணையில் இருக்கும் நேரத்தை நம்பி இணைப்பு வண்டி போடாதீர்கள். காரணம் சென்ட்ரலுக்குச் சற்று முன்னால் இருக்கும் பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷன். மேற்கிலிருந்து வருவதும் வடக்கிலிருந்து வருவதும் அங்கே வந்து சேர்ந்துதான் சென்ட்ரலுக்குள் நுழைய வேண்டும். உள்ளே ஒரு வண்டி பின்வாங்கி வெளியேறினால்தான் இன்னொன்றுக்கு பிளாட்பாரம் கிடைக்கும். பெரம்பூர் வரை சரியான நேரத்துக்கு வந்த வண்டி பேசின் பிரிட்ஜில் வந்து சும்மா நிற்பது சென்னைக்காரர்களுக்குப் பழகிப்போன காட்சி.

என் கணக்கு: பகலில் எழும்பூர் வண்டிக்கு இரண்டு மணி நேரம், தாம்பரத்திலிருந்து கிளம்பும் வண்டிக்கு மூன்று மணி நேரம், உள்நாட்டு விமானம் என்றால் நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல். டெல்லி, ஹவுரா போல ஒரு நாளுக்கு மேல் ஓடி வரும் வண்டி என்றால் இதற்கு மேல் இன்னும் சேர்த்துக்கொள்ளுங்கள், அன்றைக்கே விமானம் போடாமல் இருந்தால் இன்னும் நல்லது.

ஒரு விஷயம். பேசின் பிரிட்ஜில் நிற்கும்போது பொறுமையிழந்து பெட்டியோடு தண்டவாளத்தில் குதிக்கிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். வேண்டாம். பக்கத்துத் தடத்தில் சத்தமே இல்லாமல் மின்சார ரயில் வரும். தவிர, அங்கிருந்து வெளியே நடந்து ஆட்டோ பிடிப்பதற்குள் நீங்கள் விட்டுவிட்டு வந்த வண்டி உள்ளே போய்ச் சேர்ந்திருக்கும்.

3. வண்டியில் இருக்கும்போதே முடிக்க வேண்டியவை

அரக்கோணம் தாண்டினால் இன்னும் சுமார் 70 கிலோமீட்டர்தான். அந்த நேரத்தில் இதைச் செய்யுங்கள்.

லோக்கல் ரயிலில் போவதாக இருந்தால் ரயில்வேயின் ரயில்ஒன் செயலியை முன்பே இறக்கி, பதிவு செய்து, வாலட்டில் கொஞ்சம் பணம் போட்டு வையுங்கள். ஸ்டேஷனுக்குள் நின்றுகொண்டு சாதாரண முறையில் டிக்கெட் எடுக்கப் பார்த்தால், தண்டவாளத்துக்கு அருகில் இருக்கிறீர்கள் என்று சொல்லி மறுத்துவிடும். டிக்கெட் பரிசோதகரைப் பார்த்த பிறகு டிக்கெட் எடுப்பதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. ஸ்டேஷனில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து எடுக்கலாம், இல்லாவிட்டால் கவுண்டர்.

மெட்ரோவுக்கு வாட்ஸ்அப்பிலேயே டிக்கெட் வாங்கலாம். ஆனால் அதை வண்டியிலிருந்தே வாங்கி வைக்காதீர்கள். எடுத்த டிக்கெட்டுக்குக் காலக்கெடு உண்டு, பேசின் பிரிட்ஜ் உங்கள் காலக்கெடுவைப் பற்றிக் கவலைப்படாது.

பெரம்பூரில் இறங்கலாமா என்று கேட்பார்கள். வில்லிவாக்கம், கொளத்தூர், அயனாவரம் பக்கம் போகிறவர்கள் இறங்கலாம், உங்கள் வண்டி அங்கே நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டு. எழும்பூர் போகிறவர்கள் இறங்கக் கூடாது. அங்கிருந்து எழும்பூருக்கு நேர் லோக்கல் கிடையாது, எப்படியும் சென்ட்ரலுக்கோ கடற்கரைக்கோ வந்துதான் மாற வேண்டும்.

4. இறங்கியதும் எந்தப் பக்கம்

சென்ட்ரலில் உள்ள ஒரே பெரிய வசதி, மேம்பாலம் ஏற வேண்டியதில்லை என்பது. எல்லா பிளாட்பாரமும் ஒரே முன்கூடத்தில் வந்து முடிகிறது. கஷ்டம் என்னவென்றால் உங்கள் பெட்டி வால்பக்கம் இருந்தால் அந்தக் கூடத்துக்கு வரவே அரை கிலோமீட்டர் நடக்க வேண்டும், 22 பெட்டி வண்டியின் நீளம் அவ்வளவு. பெரியவர்கள் கூட இருந்தால் பேட்டரி காருக்கோ சிவப்புச் சட்டைப் போர்ட்டருக்கோ பெட்டிக்குப் பக்கத்திலேயே ஏற்பாடு செய்யுங்கள். பாதி தூரம் இழுத்த பிறகு கூப்பிட்டால் முழுக் கூலிதான்.

முன்கூடத்தில் நின்று சாலையைப் பார்த்தால் உங்கள் வலதுகைப் பக்கம் மூர் மார்க்கெட் வளாகம். அரக்கோணம், கும்மிடிப்பூண்டி லோக்கல்கள் புறப்படும் இடம் அது. நேர் முன்னால் மெட்ரோவுக்கு இறங்கும் வழியும் சுரங்கப்பாதையும். சாலைக்கு எதிர்ப்பக்கம் பார்க் ஸ்டேஷன், அதை ஒட்டிப் பறக்கும் ரயிலின் பார்க் டவுன், இன்னொரு பக்கம் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை.

சாலையை மேலே கடக்க முயலாதீர்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வண்டி நிற்காமல் வரும், கையில் பெட்டியோடு நடுவில் மாட்டினால் முன்னும் போக முடியாது பின்னும் போக முடியாது. சுரங்கப்பாதைதான் வழி. உள்ளே நாலாபக்கமும் வாசல் பிரியும். பலகையைப் படித்து ஏறுங்கள், கூட்டத்தின் பின்னால் ஏறாதீர்கள். காலை நேரத்தில் கூட்டத்தில் பாதி மருத்துவமனைக்குப் போகிற கூட்டம்.

இன்னொன்று: வெளியே வரும் முன்பே "எழும்பூரா, கோயம்பேடா, ஏர்போர்ட்டா?" என்று கேட்டபடி ஆட்டோக்காரர்கள் வருவார்கள். எங்கே போகிறீர்கள் என்று சொல்லாமல் நடந்தாலே போதும். ஆட்டோதான் வேண்டும் என்றால் ப்ரீபெய்டு கவுண்டரில் சீட்டு வாங்குங்கள், அல்லது செயலியில் போட்டுத் தொகையைப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

5. எழும்பூருக்கு

தூரம் இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவு. மூன்று வழி இருக்கிறது, மூன்றுக்கும் தனித்தனிச் சிக்கல்.

மெட்ரோ: பச்சை வழித்தடத்தில் அடுத்த ஸ்டேஷனே எழும்பூர். குறைந்தபட்சக் கட்டணமான 10 ரூபாயில் முடிந்துவிடும். வண்டிக்குள் இருக்கும் நேரம் இரண்டு மூன்று நிமிடம்தான், ஆனால் சென்ட்ரல் மெட்ரோ ஆழமான ஸ்டேஷன். மேலிருந்து எஸ்கலேட்டர் மாற்றி மாற்றி இறங்கி, சோதனை முடித்து, சரியான தளத்துக்குப் போய்ச் சேரவே நேரம் பிடிக்கும். மொத்தமாக அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே சோதனையில் பை எல்லாம் எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போகும். ஊரிலிருந்து வருகிறவர்கள் மாட்டுவது இதில்தான். சேலையில் சுற்றி அடிப்பையில் வைத்த புது அரிவாள்மனை திரையில் தெளிவாகத் தெரிந்துவிட, மூட்டையை முழுக்கப் பிரித்து முறுக்கு டப்பாவையும் ஊறுகாய் பாட்டிலையும் மேசையில் வரிசையாக அடுக்கிவைத்துக்கொண்டு ஒரு அம்மா வாதாடியதைப் பார்த்திருக்கிறேன். "இது காய் நறுக்கத்தான் தம்பி" என்றால் அந்தத் தம்பி என்ன செய்வார். கூர்மையான சாமான் இருந்தால் மெட்ரோவை மறந்துவிட்டு லோக்கலிலோ ஆட்டோவிலோ போங்கள்.

லோக்கல்: சுரங்கப்பாதை வழியாக பார்க் ஸ்டேஷனுக்குப் போய், தாம்பரம் அல்லது செங்கல்பட்டு போகும் வண்டியில் ஏறினால் அடுத்த நிறுத்தம் எழும்பூர். எதிர்ப்பக்க பிளாட்பாரத்தில் நின்றால் கோட்டை வழியாகக் கடற்கரைக்குப் போய்விடுவீர்கள். பெயர்ப்பலகையைப் பார்த்தும் சந்தேகம் இருந்தால் நிற்கிறவரிடம் "தாம்பரம் வண்டிதானே?" என்று கேளுங்கள். எழும்பூர் வண்டியா என்று கேட்டால் அவர் குழம்புவார்.

உங்கள் எக்ஸ்பிரஸ் டிக்கெட் இந்த லோக்கலுக்குச் செல்லும் என்று நினைத்து ஏறுகிறவர்கள் உண்டு. செல்லாது, தனியாக எடுக்க வேண்டும். குறைந்தபட்ச டிக்கெட் 5 ரூபாய், டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் அபராதம் குறைந்தது 250 ரூபாய், அதோடு கட்டணமும். சாதாரண டிக்கெட்டோடு முதல் வகுப்புப் பெட்டியில் ஏறினாலும் மாட்டிக்கொள்வீர்கள். வெளியில் பார்க்க இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து இந்தத் தடத்தில் ஏசி லோக்கலும் ஓடுகிறது, அதற்குக் கட்டணம் வேறு.

எழும்பூரில் இறங்கும்போது கவனம். லோக்கல்கள் பூந்தமல்லி நெடுஞ்சாலை இருக்கும் பின்பக்கத்தில் நிற்கும். எக்ஸ்பிரஸ் பிளாட்பாரங்களுக்கு மேம்பாலம் ஏறிப் போக வேண்டும். பழைய முகப்பு காந்தி இர்வின் சாலையைப் பார்த்து இருக்கிறது. ஆட்டோவில் போனால் முதலில் உங்கள் வண்டியின் பிளாட்பாரம் எது என்று பாருங்கள், எந்தப் பக்கம் நெருக்கமோ அந்த வாசலைச் சொல்லுங்கள். இதைச் சொல்லாமல் ஏறினால் அவருக்கு எது வசதியோ அங்கே இறக்கிவிடுவார்.

என்னைக் கேட்டால்: ஒருவர் இருவராக ஒரு பை என்றால் மெட்ரோ. காலை எட்டு முதல் பத்தரை வரையும் மாலை ஐந்து முதல் எட்டு வரையும் லோக்கலில் பெட்டியோடு ஏறவே வேண்டாம். நான்கு பேர், மூன்று பெட்டி, ஒரு பாட்டி என்றால் ஆட்டோவோ காரோதான். அங்கே 50 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் வண்டியை விடாதீர்கள்.

6. தாம்பரத்துக்கு

பார்க்கிலிருந்து அதே லோக்கல் தடம்தான். மெட்ரோ தாம்பரம் வரை போகாது, விமான நிலையத்தோடு நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை லோக்கல் அட்டவணை வேறு, வண்டி குறைவு, அதோடு பராமரிப்பு வேலை என்று சில மணி நேரம் நிறுத்துவதும் உண்டு. ஞாயிறு பயணம் என்றால் முந்தின நாள் செய்தியைப் பாருங்கள்.

7. விமான நிலையத்துக்கு

மெட்ரோவின் நீல வழித்தடம். அண்ணா சாலை, கிண்டி, ஆலந்தூர் வழியாக நேராக விமான நிலையம். தளத்தில் இறங்கும்போது "விமான நிலையம்" என்ற திசையைப் பாருங்கள், எதிர்த்திசை விம்கோ நகர் போகிறது.

பச்சையில் ஏறிவிட்டால் குடிமுழுகிப் போகாது. அது கோயம்பேடு, வடபழனி என்று சுற்றி ஆலந்தூருக்கு வரும், அங்கே நீலத்துக்கு மாறிக்கொள்ளலாம். என்ன, நேரம் கூடும். நீலத்தில் போனால் மெட்ரோவுக்குள் நுழைந்ததிலிருந்து ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

மலிவான மாற்று: பார்க்கிலிருந்து லோக்கலில் திரிசூலம். விமான நிலையம் ஜிஎஸ்டி சாலையின் மறுபக்கம். கைப்பை மட்டும் இருப்பவருக்கு இது நல்ல வழி. 23 கிலோ பெட்டியோடு படி ஏறி இறங்குகிறவருக்கு நல்ல வழி இல்லை.

8. பேருந்து நிலையங்களுக்கு

இப்போது "சென்னை பஸ் ஸ்டாண்ட்" என்று ஒன்று இல்லை. டிக்கெட்டில் ஏறுமிடம் எது என்று பாருங்கள்.

தென்மாவட்டப் பேருந்துகள் 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கத்திலிருந்து போகின்றன. சென்ட்ரலிலிருந்து பார்த்தால் அது ஊரின் மறுகோடி, வண்டலூருக்கு அந்தப் பக்கம். பார்க்கில் லோக்கல் ஏறித் தாம்பரத்தில் இறங்கி மாநகரப் பேருந்து பிடிப்பது எளிது. இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள், பொங்கல் தீபாவளி என்றால் கணக்கே வேறு. ஆம்னி பேருந்துக்காரர்கள் வேறு இடத்தில் ஏறச் சொல்வார்கள், அதைக் குறுஞ்செய்தியில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலூர், பெங்களூரு பக்கம் என்றால் கோயம்பேடு. பச்சை மெட்ரோவில் போகலாம், ஆனால் "கோயம்பேடு" என்ற ஸ்டேஷனில் இறங்காதீர்கள். பேருந்து நிலையத்தை ஒட்டி இருப்பது அதற்கு அடுத்தது, புறநகர்ப் பேருந்து நிலையம் என்று அறிவிப்பில் வரும். பெயரைப் பார்த்து ஒரு ஸ்டேஷன் முன்னால் இறங்கி, அந்த வெயிலில் பெட்டியை உருட்டிக்கொண்டு போகிறவர்களை இன்றும் பார்க்கலாம்.

ஆந்திரா பக்கப் பேருந்து என்றால் மாதவரம். சென்ட்ரலிலிருந்து மாநகரப் பேருந்து அல்லது ஆட்டோ.

9. அரக்கோணம், கும்மிடிப்பூண்டி லோக்கல்கள்

இவற்றுக்குச் சாலையைக் கடக்க வேண்டாம். மூர் மார்க்கெட் வளாகம், அவ்வளவுதான். ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் ஒரு பக்கம். எண்ணூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, சூலூர்பேட்டை இன்னொரு பக்கம். இரண்டு தடத்து வண்டிகளும் அடுத்தடுத்த பிளாட்பாரங்களில் நிற்கும் என்பதால் முகப்பில் எழுதியிருக்கும் ஊரைப் படிக்காமல் ஏறக் கூடாது. "ஃபாஸ்ட்" என்று இருந்தால் சின்ன ஸ்டேஷன்களில் நிற்காது. நடுவில் இறங்க வேண்டியவர் வேகமான வண்டி என்று சந்தோஷமாக ஏறி ஆவடியில் இறங்கித் திரும்புவது அடிக்கடி நடக்கிற கதை.

10. நடுவில் நான்கைந்து மணி நேரம் இருந்தால்

பெட்டிகளை கிளோக் ரூமில் போடுங்கள். பூட்டில்லாத பையை வாங்க மாட்டார்கள், ஆகவே ஊரிலிருந்தே சின்னப் பூட்டு ஒன்று கொண்டு வாருங்கள், கட்டைப்பைக்கு வழியில்லை. பயண டிக்கெட்டும் அடையாள அட்டையும் கேட்பார்கள்.

போடும் முன் ஒரே ஒரு கேள்வி: அடுத்த வண்டி சென்ட்ரலிலிருந்தா? எழும்பூரிலிருந்து என்றால் பெட்டியை இங்கே போட்டுவிட்டு ஊர் சுற்றினால் திரும்ப இங்கே வந்து எடுத்துக்கொண்டு அங்கே ஓட வேண்டும். முதலில் எழும்பூருக்குப் போய், அங்கே போட்டுவிட்டுச் சுற்றுங்கள்.

11. நள்ளிரவிலும் விடியற்காலையிலும்

மெட்ரோ காலை 5 மணிக்குத் தொடங்கி இரவு 11 மணியோடு முடிந்துவிடும். லோக்கல் அதற்குச் சற்று முன்னால் தொடங்கி, சற்றுப் பின்னால் முடியும். நடுவில் இறங்குகிறவர்களுக்கு ஆட்டோ, கார் மட்டும்தான், விலையும் அதற்கேற்ப.

காலை நாலரைக்கு இறங்கினால் வெளியே வந்து பேரம் பேசாதீர்கள். காத்திருப்பு அறையில் முகம் கழுவி, ஒரு காபி குடித்துவிட்டு, முதல் மெட்ரோவைப் பிடியுங்கள். தனியாக வரும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்.

12. திரும்பி வரும்போது

தெற்கிலிருந்து வந்து சென்ட்ரலில் வண்டி ஏற வேண்டும் என்றால் இதே வழி தலைகீழ். எழும்பூரில் இறங்கி மெட்ரோவில் ஒரு ஸ்டேஷன், அல்லது கடற்கரை லோக்கலில் பார்க். உங்கள் வண்டி தாம்பரத்தில் நின்று, எழும்பூருக்குள் நுழையத் தாமதமாகும் என்று தெரிந்தால் தாம்பரத்திலேயே இறங்கி லோக்கலில் நேராக பார்க் வந்துவிடலாம், கூட்ட நேரமாக இல்லாவிட்டால்.

சென்ட்ரல் முன்கூடத்துக்குள் நுழைந்ததும் பெரிய பலகையில் வண்டி எண்ணைப் பாருங்கள், பெயரை அல்ல. கோவைக்கும் பெங்களூருக்கும் அடுத்தடுத்து வண்டி இருக்கும். பிளாட்பாரம் தெரிந்த பிறகும் அரை கிலோமீட்டர் நடை பாக்கி இருக்கிறது என்பதால் புறப்பட அரை மணி நேரம் முன்பாவது அங்கே இருங்கள். 2ஏ என்று ஒரு பிளாட்பாரமும் உண்டு. இரண்டாவதில் போய் நின்றுகொண்டு வண்டியைக் காணோம் என்று தேடாதீர்கள், அது இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருக்கிறது.